பீரோவைத் திறங்கள்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகளை இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவன், 'போட்டோ அனுப்பு, இல்லையென்றால் நாம் சாட் செய்ததை உன் அப்பாவுக்குக் காட்டுவேன்' என்று மிரட்டுகிறான். அவளே வந்து சொன்னாள். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: முதலில் பீரோவைத் திறங்கள், அம்மா. தானாக வந்து சொன்னவளுக்குத் தண்டனை என்றால், அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள். (என் மகன் இப்படித்தான் ஆறு மாதம் மறைத்தான். அவன் போனைப் பிடுங்கிய புண்ணியவதி நான்தான்.)

சாட்டை அழிக்காதீர்கள். அவனுடைய ஐடி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் ரிப்போர்ட், பிளாக். கெஞ்சியோ திட்டியோ பதில் போட வேண்டாம். ஒரு படம் கொடுத்தால் அடுத்ததைக் கேட்பான். 1098 குழந்தைகள் உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

இன்னொன்று. கணக்கு தொடங்கும்போது எந்தப் பிறந்த வருடத்தைப் போட்டாள் என்று கேளுங்கள். 2000 என்று அடித்திருந்தால் ஆப் அவளைப் பெரியவளாக நினைத்து, சிறுவர்களுக்கான கட்டுப்பாடுகளைப் போடாமல் விட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள்.