டெங்குவிலிருந்து எழுந்தவர் ஸ்வீடன் காட்டில் ஓடலாமா?

புளியரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "டெங்கு வந்து காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆச்சு. பிளேட்லெட் சரியாயிடுச்சு, ஆனா மாடிப்படி ஏறினாலே அசதி. ஆறு வாரத்தில் ஸ்வீடனில் ஓரியண்டீரிங் (மேப்பும் காம்பஸும் வச்சு காட்டில் வழி கண்டுபிடிச்சு ஓடுற விளையாட்டு) பயிற்சி முகாம், பணமும் கட்டியாச்சு. இப்பவே ஓட ஆரம்பிக்கணுமா, இல்ல போறதையே விட்டுடணுமா?"

தம்பி, பயணத்தை இப்போதே ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஓட்டம் இன்றைக்கு வேண்டாம்.

பிளேட்லெட் ஏறியது நல்ல செய்திதான், ஆனால் இதயம் ஓட்டத்துக்குத் தயாரா என்பதை அந்த எண் சொல்லாது. டெங்கு உட்படப் பல வைரஸ் காய்ச்சல்கள் சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும், அந்த நிலையில் மூச்சிரைக்க ஓடினால் துடிப்பு தாளம் தவறி உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் போகிற நாட்டுக்கு இது நன்றாகவே தெரியும். 1979 முதல் 1992 வரை ஸ்வீடனில் 16 இளம் ஓரியண்டீரிங் வீரர்கள் திடீரென்று இறந்தார்கள், பலருடைய இதயத்தில் இந்த அழற்சி இருந்தது, கடைசியில் முன்னணி வீரர்களின் போட்டிகளையே சில மாதங்கள் நிறுத்தி வைத்தார்கள். எல்லாரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் முதல் வேலை, தென்காசியிலோ புனலூரிலோ ஒரு மருத்துவரைப் பார்த்து, படியேறினால் அசதி என்பதையும் ஸ்வீடன் போய் காட்டில் ஓடப்போவதையும் சேர்த்துச் சொல்லி, ஈசிஜி எடுப்பது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஏதாவது இருந்தால் எக்கோவும் (இதய ஸ்கேன்) தேவைப்படும். அழற்சி என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டே கூடாது, அப்போது பணம் போனால் போகட்டும்.

இதயம் சரி என்று சொல்லிவிட்டால் சமதளத்தில் அரைமணி நேர நடையில் ஆரம்பியுங்கள். மறுநாள் காலை படுக்கையிலேயே நாடி பாருங்கள், வழக்கத்தைவிடப் பத்து துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. நடந்த மறுநாள் உடம்பு லேசாக இருக்கிற நிலை ஒரு வாரம் நீடித்தால்தான் மெதுஓட்டம்.

இந்த வாரங்கள் வீணாகாது, ஏனென்றால் மேப் படிக்கக் காலே வேண்டாம். பழைய போட்டி மேப்புகளை வைத்துக்கொண்டு ஒரு கண்ட்ரோலிலிருந்து (மேப்பில் குறித்த, போய்த் தொட வேண்டிய இடம்) அடுத்ததற்கு எப்படிப் போவேன், வழியில் என்னென்ன தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி தவறுவது நிறத்தில்: ஓரியண்டீரிங் மேப்பில் வெள்ளை என்றால் வெட்டவெளி இல்லை, எளிதாக ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள், அடர்ந்த புதருக்குப் பச்சை.

அப்புறம், உங்களுக்கு ஆரியங்காவு தாண்டினால் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றனவே, சரிவில் ஒரே உயரத்தில் படிபடியாக வெட்டி மரம் நட்டிருப்பார்கள். அந்தப் படியில் நடப்பது கான்டூர் கோட்டின், அதாவது மேப்பில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டின், மேலேயே நடப்பதுதான்! தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, மேட்டில் நூறு மீட்டருக்கு எத்தனை காலடி, சமதளத்தில் எத்தனை என்று எண்ணிப் பழகுங்கள். வனத்துறைக் காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு, அனுமதியும் கிடையாது.

காம்பஸை இங்கே வாங்காதீர்கள். பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது, 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். இங்கே முள் கிடையாக நிற்கும். ஸ்வீடனில் காந்தப்புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழிறங்குவதால் நம் பகுதிக்குச் சமன் செய்த முள்ளின் வடமுனை தாழ்ந்து உரசும். அங்கேயே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீட்டில் முன்பே இருந்த நோய்க்கும் விளையாட்டுக்கும் இடம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், இன்னொரு சுற்று போகலாமே என்று தோன்றும், போகாமல் தூங்குங்கள். முதல் சில நாள் குட்டைப் பாதை, அதுவும் நடைதான். தினமும் மாலையில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள், அந்தக் கடியால் மூளைக்காய்ச்சல் வரை வரலாம். காய்ச்சல் அடித்தால் பழைய டெங்குவின் மிச்சம் என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். முகாம் பயிற்சியாளருக்கு இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள், அந்த மரணங்களைப் பார்த்த நாட்டில் இதைச் சொன்னால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.