ஜேக்கின் மூக்கு

அன்புள்ள ஐயா,

என்னிடம் ஒரு ரெஸ்லிங் பொம்மை இருக்கிறது. ஜேக் 'தி ஸ்நேக்' ராபர்ட்ஸ் என்ற ரெஸ்லரின் உருவம். உயரம் நாலரை அங்குலம், படம் இணைத்திருக்கிறேன். 1991இல் அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தார். மூக்கிலும் முழங்கையிலும் பெயின்ட் போய்விட்டது. கூட வந்த பாம்பும் தொலைந்துவிட்டது. பெயின்ட் அடித்து, புதுப் பாம்பு வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசை. விற்கும் எண்ணம் இல்லை. செய்யலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பெயின்ட் அடிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்தேன். நாலரை அங்குல உயரம் என்கிறீர்கள், அப்படியென்றால் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி 1990 முதல் 1994 வரை விற்ற வரிசைதான். அதற்கு முன் 1984இலிருந்து எல்ஜேஎன் என்ற கம்பெனி விற்றவை எட்டங்குல ரப்பர் பொம்மைகள், கையில் எடுத்தால் கனக்கும். உடம்பில் எங்காவது பொடி எழுத்தில் 'டைட்டன் ஸ்போர்ட்ஸ்' என்று இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இன்று டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறிவிட்ட டபிள்யூடபிள்யூஎஃப் ரெஸ்லிங்கை அப்போது நடத்திய கம்பெனி அது.

மூக்கு தேய்ந்தது எதனால்? நீங்கள் அவனைத் தரையில் குப்புறத் தள்ளித் தள்ளி விளையாடியதால். அந்தத் தேய்மானம் உங்கள் கை போட்டது. மேலே புதுப் பெயின்ட் ஏறினால் சேகரிப்பவர்கள் அதை 'கஸ்டம்', அதாவது கைவைத்து மாற்றியது, என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். விற்கப்போவதில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் உங்களுக்கே அது வேறு பொம்மையாகிவிடும்.

அழுக்கு எடுக்க, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பிரஷ் போதும். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். இந்த வரிசை பொம்மைகளுக்குள் ஸ்பிரிங் உண்டு, துருப்பிடிக்கும். தின்னர் பக்கமே போகாதீர்கள். அலமாரி வெயில் படாத சுவரில் இருக்கட்டும். ரப்பர் பேண்ட் போட்டும் வைக்காதீர்கள். என்னிடம் இருந்த ரெஸ்லிங் டிரம்ப் கார்டுக் கட்டைப் பல வருஷம் ரப்பர் பேண்டோடு டப்பாவில் வைத்திருந்தேன். திறந்தபோது ரப்பர் இளகி, மேல் கார்டில் உயரம், எடை, ரேங்க் அச்சிட்ட இடத்தில் பழுப்புக் கோடாக ஒட்டியிருந்தது. உரித்தால் அச்சும் சேர்ந்து வருகிறது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

பாம்பு விஷயம் வேறு. பாம்பில்லாத ஜேக் பாதி ஜேக். கோணிப்பையில் மலைப்பாம்போடு ரிங்குக்கு வந்தவர் அவர். டபிள்யூடபிள்யூஎஃப்பின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 1989இல், பாம்பென்றால் நடுங்கும் ராட்சத ரெஸ்லர் ஆண்ட்ரே தி ஜயன்ட்டோடு அவரை மோதவிட்டதே அந்தப் பையை நம்பித்தான். ஆகவே பாம்பு வாங்குங்கள். இப்போது கிடைப்பதில் நகல்கள் நிறைய, நகலென்றாலும் தவறில்லை. 'பாம்பு பின்னால் வாங்கியது' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், அப்பா இருக்கிறார் அல்லவா? சிங்கப்பூரில் எந்தத் தெருவில், எந்தக் கடையில், எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கினார் என்று கேட்டு அதே சீட்டில் எழுதுங்கள். பழைய பாம்பு எங்கே போனதென்றும் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கலாம்.