அபிகெயில் ஸ்காட் டூனிவே: பேப்பர் நடத்தி ஓட்டுரிமைக்குப் போராடினவங்க

பெண்கள் ஓட்டுரிமைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் என்ன பண்ணிட முடியும்னு கேட்டிருக்கீங்க, அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து அபிகெயில் ஸ்காட் டூனிவே பண்ணினத பாருங்க. இவங்க புருஷன் ஒரு நண்பருக்காக கடன் பத்திரத்துல கையெழுத்து போட்டு பண்ணையே போச்சு, சட்டப்படி பொண்டாட்டிக்கு அதுல பேச்சே கிடையாது, ஆனா நஷ்டம் மட்டும் ரெண்டு பேருக்கும். அப்புறம் புருஷனுக்கு அடிபட்டுருச்சு, டீச்சர் வேலை, தொப்பிக் கடைன்னு குடும்பத்த இவங்கதான் தாங்கினாங்க.

1871ல போர்ட்லாண்ட்ல 'தி நியூ நார்த்வெஸ்ட்'னு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சு 1887 வரைக்கும் நடத்தினாங்க, சொத்துரிமை, ஓட்டுரிமைன்னு எழுதுறதோட நிக்காம ஊர் ஊரா போய் பேசி சந்தாவும் சேத்தாங்க. அமெரிக்காவுல பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத்தோட பெரிய தலைவர் சூசன் பி. ஆண்டனி வந்தப்ப கூடவே டூர் போனாங்க.

எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம், அதே ஊர்ல பெரிய பேப்பரான 'ஓரிகோனியன்' ஆசிரியர் ஹார்வி ஸ்காட் இவங்க கூடப்பொறந்த தம்பி, அவரு ஓட்டுரிமைக்கு எதிரா நின்னாரு. 1884, 1900, 1906, 1908, 1910னு அஞ்சு வாக்கெடுப்பு தோத்துச்சு, இவங்க விடல. 1912ல ஜெயிச்சப்ப வயசு 78, கவர்னர் கேட்டுக்கிட்டதால பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தத அறிவிக்கிற அரசுப் பிரகடனத்த இவங்களே கைப்பட எழுதினாங்க.