வாசகர் கேட்டவை: வென்ற தலைவர் ஏன் விலக நேர்கிறது?

ஒரு கட்சித் தலைவர்மீது அவருடைய சொந்தக் கட்சியினரே நடத்தும் நம்பிக்கை வாக்கெடுப்பைப் பற்றி இம்முறை பல மடல்கள் வந்துள்ளன. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளாக இருப்பதால் அவற்றையே இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2022 ஜூன் மாதம் பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் தம் கட்சியினரின் நம்பிக்கை வாக்கெடுப்பில் 211க்கு 148 என்ற கணக்கில் வென்றார். ஆயினும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பதவி விலகுவதாக அறிவித்தார். வென்றவர் எதற்காக விலக வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: கணக்கின்படி அது வெற்றிதான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் ஐயம் தெளியும். கன்சர்வேட்டிவ் கட்சியின் அன்றைய விதிப்படி, அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தலைவரில் நம்பிக்கை இல்லையென்று எழுதிக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடந்தே தீர வேண்டும். கடிதங்கள் ‘1922 குழு’ எனப்படும் உறுப்பினர் குழுவின் தலைவரிடம் போய்ச் சேரும். எத்தனை சேர்ந்துள்ளன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். 359 உறுப்பினர்கள் இருந்த 2022இல் 54 கடிதங்கள் தேவைப்பட்டன. மகாராணி ஆட்சிக்கு வந்த எழுபதாம் ஆண்டுக் கொண்டாட்டம் முடியும்வரை பொறுத்திருக்க விரும்பிய சிலர் தம் கடிதத்துக்குப் பிந்திய திகதியிட்டுக் கொடுத்தார்கள் என்று குழுவின் தலைவராயிருந்த கிரஹாம் பிறேடியே கூறினார். தலைவரைக் கவிழ்க்கும் வேலையிலும் மரியாதைக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள் போலும்!

வாக்கெடுப்பு இரகசியமானது. அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், அவர்களுடைய பாராளுமன்றச் செயலர்கள் என அரசாங்கப் பதவி வகிப்போர் பெருந்தொகையினர்; தமக்குப் பதவி தந்தவருக்கே அவர்களிற் பெரும்பாலோர் வாக்களிப்பர் என்று எதிர்பார்க்கப்படும். அவர்களைக் கழித்துவிட்டால், எந்தப் பதவியும் இல்லாத பின்வரிசை உறுப்பினரிடையே ஜோன்சனுக்கு எதிரானவர்களே அதிகமாக இருந்திருக்க வேண்டும். கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரதமரின் அலுவலகத்திலேயே விதியை மீறி விருந்துகள் நடந்ததும், அதற்காக அவரே தண்டப்பணம் செலுத்தியதும் ஆறாத புண்ணாக இருந்தன. ஜூலை 5ஆம் திகதி நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவிட்டும் விலக, அவர்களைத் தொடர்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் பதவிகளைத் துறந்தனர். 7ஆம் திகதி ஜோன்சன் தாம் விலகுவதாக அறிவித்தார். ஒருமுறை வென்ற தலைவர்மீது ஓராண்டுக்கு மறுபடியும் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்ற பாதுகாப்பு அவருக்கு இருந்தது. ஆனால் அது இரண்டாம் வாக்கெடுப்பைத்தான் தடுக்கும்; வெறுமையான அமைச்சுக் கதிரைகளில் ஆட்களை இருத்தித் தராது.

அவருக்கு முன்பும் இப்படித்தான். 2018 டிசெம்பர் 12ஆம் திகதி 200க்கு 117 என வென்ற தெரேசா மே, அடுத்த ஆண்டு மே மாதம் விலகலை அறிவித்தார். மார்கரெட் தட்சருக்கு 1990இல் நேர்ந்தது இன்னும் விசித்திரமானது. அது தலைமைப் போட்டியாகவே நடந்தது. 204க்கு 152 என முன்னணியில் நின்றும், அன்றைய விதி கோரிய வாக்கு வித்தியாசத்துக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. இரண்டு நாட்களில் விலகுவதாக அறிவித்தார். தப்பியவர் ஜோன் மேஜர். 1995இல் தாமாகவே கட்சித் தலைமையைத் துறந்து, ‘முடிந்தால் எதிர்த்து நில்லுங்கள்’ என்று சவால் விட்டு, 218க்கு 89 என வென்று, 1997 பொதுத்தேர்தல் வரை பிரதமராக இருந்தார். நாளைத் தாமே குறித்தது அவருக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: பாராளுமன்றத்தில் கொண்டுவரப்படும் நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?
– உயர்தர மாணவி, சுன்னாகம்

பதில்: பாராளுமன்றத்தில் தோற்றால் அரசாங்கமே விழும்; கட்சிக்குள் தோற்றால் தலைவர் மாத்திரம் போவார், அதே கட்சி வேறொருவரைப் பிரதமராக்கும். இரண்டையும் ஒரு மாத இடைவெளியில் கண்டவர் தெரேசா மே என்பதால் அவரையே எடுத்துக்கொள்ளலாம். டிசெம்பரில் அவருடைய கட்சியினர் 117 பேர் அவரை வேண்டாம் என்றனர். 2019 ஜனவரி 15ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கு அவர் செய்த உடன்படிக்கையை 432க்கு 202 என்று சபை நிராகரித்தபோது, எதிர்த்து வாக்களித்தவர்களுள் 118 பேர் அவர் கட்சியினர். மறுநாள் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்ததும் அந்த 118 பேரும் திரும்பி வந்து அவர் பக்கம் நின்றார்கள். அரசாங்கம் 325க்கு 306 எனத் தப்பியது. வீட்டுச் சண்டையை வாசலில் வைத்துத் தீர்க்க எவரும் விரும்பவில்லை. எதிர்க்கட்சிக்கு ஆட்சியைத் தாரைவார்க்காமல் தலைவரை மாற்றுவதற்கே கட்சி வாக்கெடுப்பு இருக்கிறது.

கேள்வி: தலைவரைத் தெரிவு செய்பவர்கள் கட்சி அங்கத்தவர்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் கூடி அவரை நீக்குவது நியாயமா?
– கூட்டுறவு ஊழியர், சாவகச்சேரி

பதில்: கூட்டுறவில் இருப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். பிரித்தானியத் தொழிற்கட்சி இதை அனுபவித்துப் பார்த்தது. 2016 ஜூனில் அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஜெரமி கோர்பினில் நம்பிக்கையில்லை என்று 172க்கு 40 எனத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்குக் கட்சியின் விதிகளில் கட்டுப்படுத்தும் வலு எதுவும் இருக்கவில்லை. அவர் விலக மறுத்தார். செப்டெம்பரில் அங்கத்தவர்களிடையே தேர்தல் நடந்தபோது முன்னையிலும் பெரிய பெரும்பான்மையோடு மீண்டு வந்தார். தெரிவு செய்தவனே நீக்க வேண்டும் என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. எனினும், கூட இருந்து வேலை செய்ய வேண்டியவர்களில் ஐந்தில் நால்வர் நம்பாத ஒருவர் சபையில் எப்படித் தலைமை தாங்குவார் என்ற கேள்விக்கு அங்கத்தவர்களின் வாக்கு விடை தரவில்லை.

கேள்வி: இங்கே 2017இல் வட மாகாண முதலமைச்சருக்கு எதிராக நடந்ததும் இதே வகைதானா? நான் அப்போது பாடசாலை மாணவன். கடையடைப்பு மட்டும் நினைவிலிருக்கிறது.
– இளைஞர், பருத்தித்துறை

பதில்: கரு ஒன்றுதான், வழி முற்றிலும் வேறு. 2013 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்று, முன்னாள் உயர்நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரனை முதலமைச்சராக்கியது. அமைச்சர்கள்மீதான முறைப்பாடுகளை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபின், 2017 ஜூனில் அவர் இரு அமைச்சர்களைப் பதவி விலகும்படியும், மற்ற இருவரை விடுமுறையில் இருக்கும்படியும் கேட்டார். அதை ஏற்காத, கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியான தமிழரசுக் கட்சியின் உறுப்பினர்கள் இரவோடிரவாக ஆளுநர் றெஜினோல்ட் குரேயிடம் சென்று, முதலமைச்சரில் நம்பிக்கை இல்லையென எழுதிக் கையளித்தார்கள். அவரை ஆதரித்த உறுப்பினர்களும் அதே ஆளுநரிடம் தம் கடிதத்தைக் கொடுத்தார்கள். நீங்கள் நினைவு வைத்திருக்கும் கடையடைப்பு அவருக்கு ஆதரவாக நடந்தது. முடிவில் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனுக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தால் விடயம் தணிந்தது. கைதடியிலிருந்த சபையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை.

எனக்கு உறுத்துவது, யார் பக்கம் நியாயம் என்பதிலும் பார்க்க, எல்லாரும் ஆளுநரின் படலையில் போய் நின்றதுதான். சபையின் பெரும்பான்மை யாருக்கு உண்டென்று பார்த்து முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர் என்பதால் சட்டப்படி அந்த வழி இருந்தது. ஆனால் மத்தியின் பிரதிநிதியாகிய ஆளுநரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய இரு தரப்பினரும், தம் வீட்டு வழக்கை அவரிடமே கொண்டு போனார்கள். தங்களுக்குள் எண்ணிப் பார்க்க ஒரு வாக்குப் பெட்டி இருந்திருந்தால் அந்த நிலை வந்திராது. சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்ததும் விக்னேஸ்வரன் தமிழ் மக்கள் கூட்டணியைத் தொடங்கினார்.

பெட்டி பிறகு வந்தது. 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் தலைமைக்கு வாக்கெடுப்பு நடந்து, சி. சிறீதரன் 184 வாக்குகளும் எம். ஏ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். 1949இல் தொடங்கிய கட்சியில் தலைமைக்கு அப்படியொரு போட்டி அதுவரை நடந்ததில்லை. அதன்பின் விடயம் நீதிமன்றத்துக்குப் போனது வாசகர்கள் அறிந்ததே.

கேள்வி: எங்கள் நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் லண்டனில் உள்ளவர்களைப் போல் தலைவரை எதிர்க்கத் துணிவதில்லையே?
– வர்த்தகர், மானிப்பாய்

பதில்: துணிந்தவர்கள் இருந்தார்கள், விலையும் கொடுத்தார்கள். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையில் முன்னின்ற லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க முதலானோரை ஐக்கிய தேசியக் கட்சி வெளியேற்றியது. உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றதும் அவர்களுடைய பாராளுமன்ற ஆசனங்களும் போயின. கட்சி அங்கத்துவத்தை இழப்பவர் ஆசனத்தையும் இழப்பார் என்பது எமது அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை. நீக்கியது தவறென்று உயர்நீதிமன்றம் தீர்த்தால் மட்டுமே தப்பலாம். லண்டனில் கடிதம் எழுதியவர் யாரென்றே தலைவருக்குத் தெரியாது. தெரிந்து கட்சியை விட்டு நீக்கினாலும் ஆசனம் அவருடையதே.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத் தலைவர் பதினைந்து வருடங்களாக மாறவில்லை. நாங்களும் கடிதம் சேர்க்கலாமா?
– பெயர் வேண்டாம் என்பவர், காரைநகர்

பதில்: சேர்க்கலாம். அதற்குமுன் நிலையத்தின் யாப்பைத் தேடி எடுங்கள். விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்ட எத்தனை அங்கத்தவர்கள் கையொப்பமிட வேண்டும், எத்தனை நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், கூட்டத்தின் நிறைவெண் எவ்வளவு என்பவை அதில் இருக்கும். சந்தாவை எல்லாரும் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கூட்டத்தில் கை உயர்த்த வைக்காதீர்கள். துண்டுச் சீட்டு கொடுங்கள். பதினைந்து வருடமும் அந்தப் பொறுப்பை ஏற்க வேறெவரும் முன்வராததுதான் காரணமென்றால், கடிதத்துக்கு முன் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள்.