சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு: வலிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வண்ண ஒளியால் வலியும் நோயும் தீருமா என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவமனை ஒன்றின் வலிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய பிசியோதெரபிஸ்ட் பதில் அளிக்கிறார்.

ஐயா, முழங்கால் தேய்மானத்துக்கு பிசியோதெரபி போகிறேன். அங்கே பத்து நிமிடம் சிவப்பு விளக்கு காட்டுகிறார்கள். ஒரு சிவப்பு எல்இடி பல்பு வாங்கி வீட்டிலேயே காட்டிக்கொள்ளலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்)

வேண்டாம் அம்மா, பணம் மிஞ்சட்டும். கிளினிக்கில் இருப்பது அகச்சிவப்பு விளக்கு. அதிலிருந்து வருவதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. அது தோலைச் சூடாக்குகிறது. இரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை தளர்கிறது. வேலை செய்வது சூடு, நிறத்துக்கு அதில் பங்கில்லை. எல்இடி பல்போ சூடாகாமல் வெளிச்சம் தருவதற்கென்றே செய்யப்பட்டது. அதைச் சிவப்பில் வாங்கினால் முழங்கால் சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுங்கள். தொடைத் தசைப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்; தேய்மானத்துக்கு எந்த விளக்கையும்விடப் பெரிய வைத்தியம் அதுதான்.

கழுத்து வலிக்குச் சூடே இல்லாத லேசர் காட்டச் சொல்கிறார்கள். சூடுதான் வேலை செய்கிறது என்றால் இது ஏமாற்றா? (கணினிப் பொறியாளர், பெங்களூரு)

இல்லை தம்பி, இது வேறு கதை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முடியை மழித்து மெல்லிய லேசர் ஒளியைக் காட்டினார். அதனால் புற்றுநோய் வருகிறதா என்று பார்ப்பது அவர் நோக்கம். புற்று வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது! இந்தத் துறை பிறந்தது அப்படித்தான்.

சிவப்பும் அதை அடுத்த அகச்சிவப்பும், அதாவது சுமார் 600 முதல் 1,100 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளி, தோலைத் தாண்டிச் சற்று உள்ளே போகும். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதி அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். கழுத்து வலி பற்றிய 16 ஆய்வுகளை, மொத்தம் 820 நோயாளிகளை, ஒன்றாக அலசிய கட்டுரை 2009இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட வலி, சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரைகூடக் குறைந்திருந்தது என்கிறது அது.

ஒளியின் அளவு குறைந்தால் பலன் இல்லை. கூடினாலும் பலன் போய்விடும். ஆகவே போகும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அலைநீளம் எவ்வளவு, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் (ஒளியின் ஆற்றலை அளக்கும் அலகு)? “அதெல்லாம் மெஷினிலேயே இருக்கிறது சார்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பச்சை வெளிச்சத்தில் உட்கார்ந்தால் ஒற்றைத் தலைவலி குறையும் என்கிறார்களே, உண்மையா? பதினைந்து வயதிலிருந்து அவதிப்படுகிறேன். (இல்லத்தரசி, மதுரை)

எனக்கும் ஆர்வம் தரும் விஷயம் இது. பாஸ்டனில் ராமி பர்ஸ்டைன் குழுவினர், தலைவலி வந்திருக்கும் வேளையிலேயே நோயாளிகளுக்கு வெவ்வேறு நிற ஒளியைக் காட்டிப் பார்த்தார்கள். நீலமும் சிவப்பும் வலியைக் கிளப்பிவிட்டன. பச்சைதான் மிகக் குறைவாகத் தொந்தரவு செய்தது. மங்கலாக வைத்தபோது சிலருக்கு வலி சற்றுத் தணியவும் செய்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு அது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் மொஹாப் இப்ராஹிம் இன்னொரு வழியில் போனார். பச்சை ஒளியில் வைத்த எலிகளுக்கு வலி உணர்வு குறைந்தது. ஒளி ஊடுருவாத கான்டாக்ட் லென்ஸை எலிகளுக்கு மாட்டியதும் அந்தப் பலன் போய்விட்டது. (எலிக்கு லென்ஸ் மாட்டியவரின் பொறுமைக்குத் தனிப் பரிசு கொடுக்கலாம்.) எனவே இந்த ஒளி வேலை செய்வது கண் வழியாக, வலிக்கும் இடத்தில் காட்டிப் பயனில்லை. பிறகு 29 ஒற்றைத் தலைவலி நோயாளிகள் தினம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், பத்து வாரம், இருட்டறையில் மங்கலான பச்சை எல்இடி ஒளியில் இருந்தார்கள். தலைவலி வரும் நாட்கள் சராசரியாக 60 சதவீதம் குறைந்தன.

கேட்கவே இனிக்கிறது. ஆனால் 29 பேர் மிகக் குறைவு. எல்லோரும் முதலில் வெள்ளை ஒளி, அடுத்துப் பச்சை ஒளி என ஒரே வரிசையில் போனவர்கள். எந்த ஒளியில் இருக்கிறோம் என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததுதான். தினமும் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத அறையில் உட்கார வாய்த்தாலே நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்குத் தலைவலி குறையும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

முயன்று பார்ப்பதில் ஆபத்து இல்லை. பச்சை எல்இடி வாங்குங்கள்; வண்ணம் பூசிய பழைய குண்டு பல்பும், பச்சைத் தாள் சுற்றிய டியூப்லைட்டும் மற்ற நிறங்களையும் கசியவிடும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், தூங்கவும் வேண்டாம், புத்தகம் படிக்கலாம். தலைவலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வண்ண பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துக் குடித்தால் அந்த நிறத்தின் சக்தி தண்ணீரில் இறங்குமா? (கோவை)

இறங்காது. பாட்டிலை எடுத்து வந்த மறுகணம் அது வெறும் தண்ணீர்தான். வெயிலால் தண்ணீருக்கு நன்மை உண்டு, அது வேறு வகை: நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். வண்ண பாட்டில் அந்தக் கதிரைத் தடுத்து அதையும் கெடுத்துவிடும்.

கல்லீரலுக்கு ஒரு நிறம், இதயத்துக்கு ஒரு நிறம் என்று அட்டவணையே இருக்கிறதே? நம் நாட்டு முறை என்கிறார்கள். (திருச்சி)

இன்று சுற்றும் அட்டவணைகள் பலவற்றின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. 1873இல் பம்பாயில் பிறந்த பார்சிக்காரர் தின்ஷா கடியாலி. 1911இல் அமெரிக்காவில் குடியேறி, 1920இல் ‘ஸ்பெக்ட்ரோக்ரோம்’ என்ற பெட்டியை அறிமுகப்படுத்தினார். உள்ளே ஒரு பெரிய பல்பு, முன்னால் வண்ணக் கண்ணாடிகள். சர்க்கரை நோய் முதல் காசநோய் வரை எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் சொன்னார். நோயாளிகள் இன்சுலினை விட்டுவிட்டு விளக்கின் முன் உட்காரும் ஆபத்து இருந்தது. 1947இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது. பெட்டி போய்விட்டது, அட்டவணை மட்டும் பெயர் மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குழந்தை பிறந்து நான்கு நாள். மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைக்கச் சொல்கிறார்கள். காலை வெயிலில் காட்டினாலே போதும் என்கிறார் என் அம்மா. (யாழ்ப்பாணம்)

உடனே விளக்கின் கீழ் வையுங்கள். இந்த வரி போதும், மீதியைக் குழந்தை வீடு வந்த பிறகு படிக்கலாம்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தச் சிகிச்சை தொடங்கியதே வெயிலில்தான். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அதைத் தொடர்ந்து 1958இல் முதல் விளக்குக் கருவி பற்றிய கட்டுரை வந்தது. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளின் மூலக்கூறு வடிவத்தை மாற்றி, பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேற வைக்கிறது.

வெயிலிலும் அந்த நீலம் இருக்கிறது, ஆனால் அளந்து தர முடியாது. கூடவே புற ஊதாவும் சூடும் சேரும். பத்து நிமிட வெயில் போதாமல் பிலிருபின் ஏறிவிட்டால் மூளை பாதிக்கப்படும், அதைத் திருப்ப வழியில்லை. விளக்கின் கீழ் இருக்கும்போது கண்ணை மூடும் பட்டை நழுவாமல் பாருங்கள், தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள்.

கீமோ சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்குச் சிவப்பு லேசர் காட்டலாமா? (சென்னை)

காட்டலாம். ஒளிச் சிகிச்சையில் வலுவான சான்று உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. குறிப்பிட்ட சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் புண் வராமல் தடுக்கவே சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. புற்றுநோய் மருத்துவர் பார்வையில், அந்த மருத்துவமனையில் மட்டும். கட்டி இருக்கும் இடத்தில் வீட்டுக் கருவியைக் காட்டாதீர்கள்.

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது, மரத்தும் போகிறது. அகச்சிவப்பு விளக்கு வாங்கலாமா? வேறு யாரெல்லாம் ஒளிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும்? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

மரத்த பாதத்தில் அந்த விளக்கு வேண்டவே வேண்டாம். சுடுவது தெரியாமல் வெந்து, புண்ணாகி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, எரிச்சலுக்கு டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

டாக்ஸிசைக்ளின் (கிருமிக்கொல்லி), அமியோடரோன் (இதயத் துடிப்புக்கானது) போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கும் தோல் ஒளியைத் தாங்காது. குறிப்பாகப் புற ஊதா ஒளியை. இருமுனை மனநோய் உள்ளவர்கள் மனச்சோர்வுக்குத் தரும் பளிச்சென்ற வெள்ளை விளக்குச் சிகிச்சையை மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மனம் சோர்விலிருந்து மறுமுனையான மிதமிஞ்சிய எழுச்சிக்குத் துள்ளிவிடலாம். வலிப்பு நோயாளிகள் சிமிட்டும் விளக்கைத் தவிர்க்க வேண்டும். லேசர் எதுவானாலும், காட்டுகிறவரும் படுத்திருப்பவரும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். உங்களுக்குத் தராமல் தான் மட்டும் போட்டுக்கொள்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள்.