மாத்திரைகளை மறைக்காதீர்கள்: மார்பக அழகு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

மயக்க மருந்து நிபுணர் பதில் சொல்கிறார்

கேள்வி: மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பயத்தில் நானாகவே தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரையும் உண்டு. எதை நிறுத்த வேண்டும்?

பதில்: மூன்றையுமே, அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ரத்தம் உறைய அதிலுள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை சரியாக ஒட்டாது. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். புதியவை உருவாகி வர அவகாசம் வேண்டும் என்பதால்தான் ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். மார்பகத்திலோ கசியும் ரத்தம் தேங்குவதற்கு இடம் ஏராளம். மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ, வைட்டமின் ஈ மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுவது நல்லது. ரசத்தில் தட்டிப் போடும் பூண்டுக்குத் தடையில்லை.

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவர் நிறுத்த வேண்டாம் என்றால் அறுவை சிகிச்சையைத்தான் தள்ளிப்போட வேண்டும். அழகுக்கான சிகிச்சைக்கு அவசரம் எதுவும் இல்லை.

கேள்வி: எடை குறைய வாரம் ஒரு ஊசி போடுகிறேன். சொன்னால் தேதியைத் தள்ளிவைப்பார்களோ என்று கிளினிக்கில் சொல்லவில்லை.

பதில்: இன்றே சொல்லிவிடுங்கள். செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. விதிப்படி பட்டினி இருந்தாலும் முந்தைய நாள் உணவு உள்ளே இருக்கக்கூடும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்குப் போராட வேண்டிவரும். வாரம் ஒருமுறை போடும் ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தும்படி 2023இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் சொன்னது. 2024இல் பல சங்கங்கள் சேர்ந்து, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கலாம் என்றன. அளவை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள், குமட்டல், வாந்தி, வயிற்று உப்புசம் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். சிலருக்கு முந்தைய நாள் முழுவதும் திரவ உணவு மட்டும் கொடுப்போம். இதையெல்லாம் முடிவுசெய்ய முதலில் எங்களுக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அழகு சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் இந்த ஒளிவுமறைவு சற்று அதிகம். அறுவை சிகிச்சை நடக்கப்போவது குடும்ப மருத்துவருக்குத் தெரியாது. அறுவை மருத்துவருக்குக் குடும்ப மருத்துவர் எழுதிய மாத்திரை தெரியாது. ரகசியத்தை மாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் காப்பாற்றுங்கள், மயக்க மருந்து கொடுப்பவரிடம் வேண்டாம்.

கேள்வி: தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அன்று காலை போடலாமா?

பதில்: தைராய்டு மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போடலாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் அட்டெனலால், மெட்டோபிரலால் வகையை நிறுத்தக் கூடாது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகையை அன்று பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வோம். மயக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் இருந்தால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகவே தெரியும், ரத்தத்தில் மட்டும் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் சர்க்கரையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சை நாளில் மாதவிலக்கு வரும்போலிருக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் போடுவதுபோல் தள்ளிப்போடும் மாத்திரை போடலாமா?

பதில்: வேண்டாம். மாதவிலக்கு நாளில் அறுவை சிகிச்சை செய்யத் தடை எதுவுமில்லை. அந்த மாத்திரையில் உள்ள நோரெதிஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னால் மாற்றுக் கருத்தடை முறையையும் கேட்டு வாருங்கள்.

கேள்வி: வீடு திரும்பிவிட்டேன், வலி அடங்கவில்லை. மருத்துவமனை மாத்திரையோடு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் சேர்க்கலாமா?

பதில்: முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிக்குளோஃபெனாக், டிராமடால் என்று எழுதித் தரப்படும் பல மாத்திரைகளுக்குள் 325 மி.கி. பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அதில் மூன்று வேளை, 650 மி.கி. பாராசிட்டமால் நான்கு, இடையில் சளிக்கென்று 500 மி.கி. உள்ள மாத்திரை மூன்று என்றால் ஒரே நாளில் 5,000 மி.கி. தாண்டிவிடும். பெரியவர்களுக்கு உச்ச வரம்பே 4,000. அதற்கு மேல் போனால் கல்லீரல் கெடும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிராமடாலுக்கு முன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அது ஆகாது.

கேள்வி: நேற்று சிகிச்சை முடிந்தது. இடப்பக்கம் மட்டும் இறுகி வீங்கி, வலி கூடுகிறது. அக்கா தன்னிடம் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போடச் சொல்கிறார்.

பதில்: இது உள்ளே ரத்தம் தேங்குவதாக இருக்கலாம், ஆன்டிபயாடிக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள், கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் போங்கள். மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம்.