ஒலிம்பியாட் கணக்குகளை டியூஷன் இல்லாமல் எப்படிப் பழகுவது?

கேள்வி: மகள் படிவம் 2 படிக்கிறாள். பள்ளிக் கணிதத்தில் 90-க்குக் கீழே வாங்கியதில்லை. கணித ஒலிம்பியாட் போட்டியின் பழைய தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். எண்ணியல் (முழு எண்களின் குணங்கள்), எண்ணுதல் (எத்தனை விதம் என்று கேட்பவை), வடிவியல் மூன்றிலும் ஒன்றுகூட வரவில்லை, அழுதுவிட்டாள். நாங்கள் இருப்பது சின்ன டவுன். இதற்கென்று வகுப்பு எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? ஒரு மணி நேரம் என்றால் தப்பு மகள்மேல் இல்லை.

மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம் தேர்வின் கணிதம் முதல் தாளில் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம். அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு 3 கணக்கு, நாலரை மணி நேரம். அதாவது நம் பிள்ளைகள் 40 கேள்வி முடிக்கிற அதே ஒன்றரை மணி அங்கே ஒரே ஒரு கணக்குக்கு. எழுதுகிறவர்கள் நாட்டுக்கு 6 பேர் என்று பொறுக்கி எடுத்த பிள்ளைகள். அவர்களுக்கே அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. பள்ளியில் நன்றாகச் செய்கிற பிள்ளைதான் இதில் முதலில் நொந்துபோகும். இரண்டு நிமிடத்தில் வராத கணக்கைத் தனக்குத் தெரியாத கணக்கு என்று நினைத்துப் பழகியிருக்கும்.

நான் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம். 2007-இல் பேரை மாற்றினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த மாதிரிக் கணக்குகளோடு உட்காருவேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், பாதி நாள் எனக்கே வராது.

தாளை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே ஒரு கணக்கை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். ஐந்தாம் நாளும் நகரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். முழு விடையையும் வாசித்த பிள்ளை "ஓ, இவ்வளவுதானா" என்று சொல்லும். அடுத்த வாரம் அதே கணக்கை வெள்ளைத் தாளில் கேட்டால் முழிக்கும்.

முதலில் எண்ணியல். இதற்கு முன்கூட்டிப் படித்திருக்க வேண்டியது ஆகக் குறைவு. 11, 111, 1111, 11111 என்று போகும் வரிசையில் ஏதாவது ஒரு வர்க்க எண் உண்டா? பிள்ளைகள் முதலில் தேடுவார்கள். 33-இன் வர்க்கம் 1089, 34-இன் வர்க்கம் 1156, நடுவில் 1111 நழுவிவிட்டது. தேடட்டும், தடுக்காதீர்கள். அலுத்த பிறகு, வர்க்க எண்களை 4-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 1, 4, 9, 16, 25, 36: மீதி 1, 0, 1, 0, 1, 0. வேறு எதுவும் வராது. இரட்டை எண்ணின் வர்க்கத்தில் 4 முழுதாக அடங்கும், ஒற்றை எண்ணுடையதில் 1 மிஞ்சும். இனி 111...11-ஐப் பாருங்கள். 100 என்பது 4-இன் மடங்கு, ஆகவே கடைசி இரண்டு இலக்கம் போதும். 11-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. முடிந்தது, எத்தனை ஆயிரம் ஒன்று போட்டாலும் வர்க்கம் ஆகாது. அந்த நிமிடம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் சனிக்கிழமை பந்து ஆட்டத்தைக்கூட விட்டுவிட்டுப் போகிறேன்.

இடையில் ஒன்று. தமிழ்ப்பள்ளியில் 'மீதி' என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'பாகி' ஆகிவிடுகிறது. கணக்கு எந்த மொழியில் இருந்தாலும் அதை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பாட்டியிடமாவது. சொல்ல வராத இடத்தில்தான் கணக்கு புரியாமல் இருக்கிறது.

எண்ணுதல் ஆபத்தானது. தப்பாகப் போட்டாலும் விடை என்று ஓர் எண் வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். எனக்கு அது பதினாறு வயதில் நடந்தது. கோயில் திருவிழாக் குழு என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்கள், 4 பெண்கள்; 4 பேர் கொண்ட குழு வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எத்தனை விதம்? நான் போட்டது இப்படி: முதலில் ஒரு பெண்ணை 4 விதமாக எடுத்தேன். மிச்சம் 8 பேரில் 3 பேரை எடுக்க 56 விதம். 4 முறை 56, ஆக 224. அழகாக அடிக்கோடு போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேரை எடுக்க மொத்தமே 126 விதம்தான் உண்டு. இருப்பதைவிட அதிகமாக எண்ணியிருக்கிறேன்!

எங்கே தப்பு என்று பிடிக்க, கணக்கைச் சின்னதாக்குங்கள். ஓர் ஆண், இரண்டு பெண்கள், 2 பேர் குழு. விரல்விட்டு எண்ணினால் 3. என் வழியில் 2 முறை 2, ஆக 4. கூடுதலாக வந்த ஒன்று யார்? இரண்டு பெண்களும் சேர்ந்த குழு. லட்சுமியை முதலில் எடுத்து மீனாவைச் சேர்த்தது ஒன்று, மீனாவை எடுத்து லட்சுமியைச் சேர்த்தது இன்னொன்று. ஒரே குழுவை இருமுறை எண்ணியிருக்கிறேன். சரியான வழி பின்பக்கமாகப் போவது: மொத்தம் 126, பெண்களே இல்லாத குழு 5, கழித்தால் 121. இந்தப் பகுதியில் நான் பிள்ளைகளிடம் சூத்திரம் கேட்பதில்லை. விரலில் எண்ணக்கூடிய அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்பேன்.

வடிவியலுக்குப் படம்தான் எல்லாம். அரைப் பக்கத்துக்குப் பெரிதாக, கவராயம் வைத்து வரைய வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு, எனக்கும் இருந்தது: எந்த முக்கோணம் வரைந்தாலும் சமபக்கமாக வந்துவிடும். அப்படி வரைந்தால் உச்சியிலிருந்து இறக்கும் செங்குத்தும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும் கோடும் ஒன்றாகத் தெரியும், இல்லாத உண்மையை எல்லாம் நிரூபித்துவிடலாம். ஒரே கணக்குக்குக் கோணலும் மாணலுமாக இரண்டு படம் வரையச் சொல்லுங்கள். இரண்டிலும் பொருந்துவது மட்டுமே நம்பத் தகுந்தது.

அந்த வியாதி தோட்டத்திலிருந்து வந்ததோ என்னவோ. பால்மரத்தை (ரப்பர்) சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் அப்பா, கன்று நடும் இடத்தைக் குறிக்கக் குச்சி அடிக்கும் வேலைக்குப் போனார். 9 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி, இரண்டிலிருந்தும் 9 மீட்டர் கயிறு. கயிறுகளின் நுனி சேரும் இடத்தில் மூன்றாவது குச்சி. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' நூலில், முதல் பாகத்தின் முதல் தேற்றமே இதுதான், இரண்டு வட்டம் வெட்டும் இடத்தில் சமபக்க முக்கோணம். படிவம் 4-இல் அதைப் பார்த்தபோது அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "இதுக்குப் புத்தகம் வேறயா?" என்றார். சதுரமாக நட்டால் ஹெக்டருக்கு 123 மரம், இப்படி நட்டால் 142. ஏன் என்று கேட்டு ஒரு வாரம் ஒட்டிவையுங்கள், வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் 9 மீட்டர் இல்லை என்பதில் தொடங்கட்டும்.

அதற்கு முன் இந்த வாரத்துக்கு வேறொன்று தருகிறேன், எண்ணுதலும் வடிவியலும் சேர்ந்தது. அதே மாதிரி முக்கோணமாக நட்ட 10 மரம்: 1, 2, 3, 4 என்று நான்கு வரிசை. மரங்களையே மூன்று முனைகளாக வைத்து எத்தனை சமபக்க முக்கோணம் கிடைக்கும்? முதலில் மூன்று வரிசை, 6 மரத்துக்கு எண்ணட்டும், 5 வர வேண்டும். அப்புறம் 10 மரம். மண்டபத்தில் எல்லாரும் முதலில் 13 என்றார்கள். உங்கள் மகளும் 13 என்றால், தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.